மற்றும் பலர்

மார்கழி பிறந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரிப்பனுக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். திருவான்மியூர் தொடங்கி மாமல்லபுரம் வரைக்கும் எந்த ரிசார்ட்டின் வரவேற்புக் கூடத்தில் என்றைக்கு எது திறக்கிறது என்று குறித்துவைக்கவே ஒரு கிராம நிர்வாக அலுவலரைத் தனியாகப் போடலாம். சபா கச்சேரிக்கு வந்த அயல்நாட்டு உறவுகள் ஊரில் இருக்கும் மாதம். கையில் டாலர் இருக்கும், சாயங்காலம் சும்மா இருக்கும், கடல்காற்றும் மரியாதையாக வீசும். கலை மலர வேறென்ன வேண்டும்?

வாட்ஸ்ஆப்பில் வரும் அழைப்பிதழ்களை நான் அழிப்பதில்லை. ஒவ்வொன்றிலும் யாராவது எதையாவது விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கல்லின் மௌனத்தை விசாரிக்கிறார். ஒருவர் கடலின் நினைவை விசாரிக்கிறார். இன்னொருவர் ‘இடம்’ என்பதையே கேள்விக்கு உட்படுத்துகிறார். அந்த இடம் முன்பு குப்பத்துக்காரர்கள் வலை உலர்த்திய மணலாக இருந்தது பற்றி மட்டும் எந்த விசாரணையும் கிடையாது. இத்தனை விசாரணைக்கும் செலவை ஏற்றவர் அடுக்குமாடி கட்டி விற்பவர். அழைப்பிதழில் முதல் பெயர் அவருடையது. அப்புறம் தலைமை, அப்புறம் முன்னிலை, அப்புறம் வாழ்த்துரை, அப்புறம் க்யூரேட்டர். மிச்சமிருக்கும் ஓரத்தில் ஓவியரோ சிற்பியோ ஒண்டிக்கொள்ளலாம்.

போன மார்கழியில் ஒன்றுக்குப் போயிருந்தேன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதுவும் ஒரு விளம்பரமாகிவிடும். வெள்ளையடித்த பெரிய கூடம். நடுவே ஆளுயரக் கருங்கல் ஒன்று. ஒரு பாதி முகம் தெரியும் அளவுக்குப் பாலீஷ் ஏறியிருந்தது, மறுபாதி உளி பட்ட தழும்போடு விடப்பட்டிருந்தது. வளைவு திரும்பும் இடத்தில் கல்லின் ஓரம் மெலிந்து மெலிந்து விரல் கனத்துக்கு வந்திருந்தது, ஆனாலும் ஒரு செதில் தெறிக்கவில்லை. கருங்கல்லில் அப்படி ஓர் ஓரம் எடுப்பது விளையாட்டில்லை. ஒரு தட்டு மிஞ்சினால் மாதக்கணக்கான வேலை மூளியாகிவிடும். பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையைப் படித்தேன். கொட்டை எழுத்தில் கலைஞர் பெயர். அவர் வேறு பெருநகரத்தில் இருப்பவர், படத்தை மின்னஞ்சலில் அனுப்பிவைத்தவர். அடுத்த வரியில் கல்லின் வகையும் ஆண்டும். அதற்கும் கீழே, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படிக்கவேண்டிய எழுத்தில், ‘உருவாக்க உதவி: உள்ளூர்க் கைவினைஞர்கள்.’

சினிமா போஸ்டரில்கூட ‘மற்றும் பலர்’ என்று சேர்த்துக்கொள்கிறார்கள். சண்டைக் காட்சியில் கதாநாயகன் கையால் அடி வாங்கிப் பறக்கிறவருக்குக்கூட யூனியன் கார்டு இருக்கிறது. இங்கே பழரசம் ஊற்றிய நிறுவனத்தின் பெயர் முத்திரையோடு சுவரில் இருந்தது. விளக்குப் போட்டவர்களின் செல்பேசி எண் இருந்தது. கல்லை வெட்டியவன் மட்டும் ‘உள்ளூர்’ ஆகிவிட்டான்.

சிறப்பு விருந்தினர் பேசினார். நம் மரபில் சிற்பி தன் பெயரைப் பொறித்ததே கிடையாது என்றார். தன்னை அழித்துக்கொண்டு கலையை நிறுத்தியவன் என்றார். அகந்தையில்லாத அந்த மனநிலைக்கு நாமெல்லாம் திரும்ப வேண்டும் என்றபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பேசியவரின் பெயர் பின்னால் பேனரில் இருந்தது, முன்னால் மேசையில் இருந்தது, சட்டையில் குத்திய அட்டையிலும் இருந்தது.

அந்த மேடையிலிருந்து பூஞ்சேரிக்குக் காரில் பத்து நிமிடம்கூட ஆகாது. பூஞ்சேரியில் ஒரு பாறை இருக்கிறது, நொண்டி வீரப்பன் தொட்டி என்பார்கள். அதில் பல்லவர் கால எழுத்தில் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன். குணமல்லன். பய்யமிழிப்பான். சாதமுக்கியன். திருவொற்றியூர் அபாஜர். கொல்லன் சேமகன். மாமல்லபுரத்தில் கல் வேலை செய்தவர்களின் பெயர்கள் இவை என்று கல்வெட்டறிஞர்கள் சொல்கிறார்கள். கொல்லனையும் விடவில்லை பாருங்கள். கருங்கல்லில் உளி முனை மழுங்கிக்கொண்டே இருக்கும். உலையில் காய்ச்சித் தட்டி மறுபடி முனை ஏற்றித் தர ஆள் இல்லையென்றால் பெருந்தச்சனே ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ‘உருவாக்க உதவி’ செய்தவனுக்கு 1,300 ஆண்டுகளுக்கு முன்பே பெயர் இருந்திருக்கிறது, அதுவும் மற்றவர்களுக்கு இணையாக, அதே பாறையில்.

பல்லவ ராஜாக்கள் ஒன்றும் கூச்ச சுபாவிகள் அல்லர். ராஜசிம்மன் காஞ்சி கைலாசநாதர் கோயில் சுற்றில் தன் பட்டப்பெயர்களை மட்டும் இருநூறுக்கு மேல் வெட்டவைத்தவன். இன்றைக்கு இருந்தால் செங்கல்பட்டு சுங்கச்சாவடி தொட்டு ஃபிளெக்ஸ் வைத்திருப்பான். அப்படிப்பட்டவர்கள் ஆண்ட கரையிலேயே தச்சனுக்கும் கொல்லனுக்கும் ஒரு பாறை கிடைத்தது. தஞ்சாவூருக்குப் போங்கள். பெரிய கோயிலில் குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது. ராஜராஜன் கொண்டுவந்து குடியமர்த்திய 400 ஆடல் மகளிரின் பெயர் ஒவ்வொன்றாக இருக்கிறது. எந்தத் தளிச்சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதுவரை இருக்கிறது. இதைத்தான் மைக்கைப் பிடித்துக்கொண்டு ‘பெயர் பொறிக்காத மரபு’ என்கிறார்கள்.

எல்லாக் கோயிலிலும் எல்லாச் சிற்பிக்கும் பெயர் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனையோ ஆயிரம் கைகள் பெயரில்லாமலே மண்ணாய்ப் போயின. அது அந்தக் காலத்து அநியாயம். அந்த அநியாயத்தை எடுத்துத் தூசி தட்டி, சந்தனம் பூசி, ‘அகந்தையின்மை’ என்று மாலை போட்டு இன்றைய கூலிக்காரன் தலையில் வைப்பதுதான் இந்தக் காலத்துத் திருட்டு. காரணம் ரொம்ப எளிது. அட்டையில் வெட்டியவன் பெயரும் ஊரும் இருந்தால் அடுத்த வாடிக்கையாளர் கேலரிக்கு வர மாட்டார், நேரே பட்டறைக்குப் போய்விடுவார். நடுவில் இருப்பவர்களின் பங்கு போய்விடும். இந்தக் கணக்கை மறைக்கத்தான் மரபு, தத்துவம், மௌனம், விசாரணை எல்லாம்.

“உலகமெங்கும் வழக்கம்தானே, ரோதானே தன் பளிங்கையெல்லாம் தானா வெட்டினார்?” என்று ஒரு நண்பர் மடக்கினார். வெட்டவில்லை, சரி. களிமண்ணில் வடிவம் செய்வார்; பளிங்கை வெட்டக் கூலிக்கு ஆள் வைத்திருந்தார். அப்படி வெட்டிக்கொடுத்தவர்களில் ஒருவர் பூர்தெல், பின்னாளில் தானே பெரிய சிற்பியாக நின்றவர். அங்கே பட்டறைக் கணக்கில் அவர் பெயர் இருந்தது, அந்தக் கணக்கைத் தேடிப்பிடித்து எழுத ஆராய்ச்சியாளர்களும் இருந்தார்கள். நம் கேலரியில் ரோதான் மட்டும் ஊருக்கு ஊர் உற்பத்தியாகிறார், பூர்தெல்தான் ‘உள்ளூர்க் கைவினைஞர்கள்’ என்ற இரண்டு சொல்லோடு நின்றுபோகிறார்.

அரசாங்கம் இவர்களுக்கு இளைத்ததா என்ன? பட்டங்களுக்குக் குறைவேயில்லை. 2015இல் உலகக் கைவினைக் கவுன்சில் மாமல்லபுரத்தைக் கற்சிற்பத்துக்கான உலகக் கைவினை நகரம் என்று அறிவித்தது. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வந்தது. 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் பிரதமர் மோதியும் இங்கே சந்தித்தபோது ஐந்து ரதம் பக்கம் காய்கனிகளால் தோரண வாயில் எழுந்தது, சாலையோரச் சிறுகடைகள் காணாமல் போயின. விருந்தாளிக்குக் கொடுத்ததாகச் செய்திகள் கொண்டாடியவை நாச்சியார்கோவில் விளக்கு, தஞ்சாவூர் ஓவியம், சிறுமுகைப் பட்டு. மூன்றும் அருமையான கைவேலை, செய்தவர்களுக்கு என் கும்பிடு. சிற்பிகளின் ஊரில் இலை போட்டுவிட்டு, கொண்டாடிய அந்தப் பட்டியலில் கல்லை மட்டும் காணோம்.

2022இல் செஸ் ஒலிம்பியாட். எங்கே? அதே பூஞ்சேரியில், நட்சத்திர ஓட்டலில். 186 நாடுகளிலிருந்து ஆட வந்தார்கள், மாநில அரசு 92 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது, சென்னையில் நேப்பியர் பாலத்துக்குக் கறுப்புவெள்ளைக் கட்டம் கட்டமாகப் பெயிண்ட் அடித்தார்கள். செல்ஃபி எடுக்க ஜனம் அலைமோதியது. நன்றாக நடந்த விழா, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பூஞ்சேரிக்கு உலகமே வந்துபோனதே, வந்தவர்களில் எத்தனை பேரை யார் அந்தப் பாறைக்குக் கூட்டிப்போனார்கள் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. கொரோனா அடங்கிவந்த 2021-22ஆம் ஆண்டில் 1,44,984 வெளிநாட்டினர் மாமல்லபுரம் வந்ததாக மத்திய சுற்றுலாத் துறைக் கணக்கு சொன்னது. தாஜ்மகாலுக்குப் போனவர்கள் 38,922 பேர். மாமல்லபுரத்தில் வெளிநாட்டினருக்கு நுழைவுச்சீட்டு தலைக்கு 600 ரூபாய். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கல்லையெல்லாம் குடைந்தவனின் தொழிலை இன்றும் செய்கிறவனுக்கு அதில் ஒரு முகக்கவசம் வாங்கிக் கொடுத்தார்களா என்று அதற்கப்புறம் பேசுவோம்.

முகக்கவசம் என்று சும்மா சொல்லவில்லை. அந்தத் திறப்பு விழாவிலிருந்து வெளியே வந்தபோது ஜெனரேட்டர் ஓரம் தெரிந்த முகம் ஒன்று நின்றது. அந்தக் கல்லின் ஓரத்தை எடுத்தவர் அவர்தான். கல்லை இறக்கிய நாலு பேரும் கூடவே குந்தியிருந்தார்கள்.

“என்ன ஆச்சாரி, உள்ளே வரலையா?”

“பாஸ் கேக்குறாங்கண்ணே.”

“கல்லை உள்ளே வைக்கும்போது கேக்கலையா?”

“அப்போ பின்வாசல் வழியா வுட்டாங்க.”

சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. லாரி வாடகையும் செயின் பிளாக் வாடகையும் கைக்காசு போட்டுக் கொடுத்திருக்கிறார். பில் வைத்தால் தருகிறோம் என்றார்களாம், வைத்தாராம். ஜிஎஸ்டி எண் இல்லாத பில் செல்லாது என்று திருப்பிவிட்டார்களாம். உள்ளே வேட்டியில் வந்த பெரிய மனிதர் ஒருவர் அந்தக் கல்லைத் தடவி “ஆன்மா தெரிகிறது” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆன்மா தெரியாது, நுரையீரல் தெரியும். அப்பா காலத்தில் பட்டறை என்றால் உளிச் சத்தம். இப்போது ஐந்து ரதம் சாலையில் நடந்தால் கட்டரும் கிரைண்டரும் அலறுகின்றன. காரணம், ஆர்டர் கொடுப்பவருக்கு இருபது நாளில் வேண்டும். உளியில் செதில் விழும். கிரைண்டரில் மாவு பறக்கும். அந்த மாவில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் மூச்சோடு போய் நுரையீரலில் படிந்தால் திரும்ப வராது. சிலிக்கோசிஸ் என்று பெயர். வந்தபின் குணமாக்க மருந்து இல்லை. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி அடங்கும், உறிஞ்சும் குழாய் வைத்தால் இன்னும் அடங்கும். இரண்டுக்கும் காசு வேண்டும், அந்தக் காசு குறைந்த விலைக் கொட்டேஷனில் சிக்காது. அதனால் தலையில் ஒரு துண்டு, முகத்தில் ஒரு துண்டு, புருவமெல்லாம் வெள்ளை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே சிலிக்கோசிஸ் இடம்பெற்றது. ஆனால் ஓலைக்கொட்டகையில் நாலு பேர் வேலை பார்க்கும் இடம் சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலையே அல்லவே! ராஜஸ்தானில் கல் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாகச் செத்து, உயிரோடிருந்தவர்கள் வருஷக்கணக்கில் போராடி, 2019இல் இதற்கென்று தனிக்கொள்கை வாங்கினார்கள். நம்மிடம் கேட்டால் சால்வை இருக்கிறது. வேண்டுமானால் ‘வாழும் கைவினைப் பொக்கிஷம்’ விருதும் இருக்கிறது. வாழ வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

நான் சதுரங்கப்பட்டினத்துக்காரன். சென்னைக் கலையுலகின் வரைபடம் மாமல்லபுரத்தோடு முடிகிறது, அதற்கப்புறம் அணு உலை, அதற்கப்புறம் ஒரேயடியாகப் பாண்டிச்சேரி. எங்கள் ஊரில் எந்த கேலரியும் திறப்பதில்லை. ஆனால் ஒரு சிற்பக்கூடம் முந்நூறு ஆண்டாக இருக்கிறது. டச்சுக்காரர்கள் கட்டி, பிறகு இடிந்த கோட்டைக்குள் அவர்களுடைய கல்லறைகள். கடலைப் பார்த்த செங்கல் கோட்டை. துணி வாங்கி ஏற்றுமதி செய்ய வந்தவர்கள், கடைசியில் இங்கேயே படுத்துவிட்டார்கள். மேலே பதித்த கற்பலகைகளில் குலச்சின்னமும் பூவேலையும் டச்சு எழுத்தும் இன்றைக்கும் விரலால் தடவிப் படிக்கும்படி நிற்கின்றன. சோழமண்டலக் கரையிலிருந்து இப்படிப்பட்ட கல்லறைக் கற்கள் கப்பலேறிப் பத்தாவியாவரைக்கும் போயின. டச்சு எழுத்து தெரியாத ஒருவன் ஓர் எழுத்துப் பிசகாமல் வெட்டியிருக்கிறான் என்றால் அவன் கையை நினைத்துப்பாருங்கள். செத்த வியாபாரிக்குப் பெயர் இருக்கிறது, பிறந்த நாள் இருக்கிறது, இறந்த நாள் இருக்கிறது. வெட்டியவன் ‘உள்ளூர்’. தொல்லியல் துறை கல்லறைக்குக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறது. காவலாளி இருந்தால், கேட்டால், திறப்பார். இதுதான் எங்கள் ஊர்த் திறப்பு விழா.

பூட்டு என்றதும் எழும்பூர் ஞாபகம் வருகிறது. ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909இல் முடிந்த சிவப்புக் கட்டடம், 1951இல் நேரு வந்து தேசியக் கலைக்கூடமாகத் திறந்துவைத்தது. ரவிவர்மா படங்கள் தொங்கிய இடம். 2000களின் தொடக்கத்தில் கட்டடம் பலவீனமாக இருக்கிறது என்று சாத்தினார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டு அந்தக் கதவு சாத்தியே கிடந்தது. அப்போது பிறந்த பிள்ளை ஓவியக் கல்லூரியில் சேர்ந்து பட்டமே வாங்கியிருக்கலாம். ‘நகரில் இந்த வாரம்’ பக்கம் போடும் பத்திரிகைகளுக்கு என் சார்பில் ஓர் அறிவிப்பு அனுப்பலாமென்று இருக்கிறேன்:

“எழும்பூரில் ‘காத்திருப்பு’, நினைவுக் காட்சி. ஊடகம்: செங்கல், பூட்டு, கோப்பு. கலைஞர்: பொதுப்பணி. சதுரங்கப்பட்டினம் கோட்டையில் ‘சாவி யாரிடம்?’ பார்வையாளரும் பங்கேற்கும் நிகழ்கலை, காவலாளி சாப்பிடப் போன நேரம் தவிர. மாமல்லபுரம் ஐந்து ரதம் சாலையில் ‘வெள்ளைப் புருவம்’. அன்றாடம் காலை எட்டு முதல் இருட்டும் வரை, மின்வெட்டில் இடைவேளை. எக்ஸ்ரே படங்கள் பின்பக்கச் சுவரில். அனுமதி இலவசம், மூச்சு உங்கள் பொறுப்பு.”

போடமாட்டார்கள். விளம்பரக் கட்டணம் கட்டவில்லையே.

இத்தனை எரிச்சலிலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இதே சாலையில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர், சென்னைக் கலைக் கல்லூரி முதல்வர், தன் மாணவர்களையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். யாரும் நிலத்தைத் தானமாகத் தரவில்லை. ஓவியர்கள் பாட்டிக் துணி செய்தார்கள், கைவினைப் பொருள் செய்தார்கள், விற்றார்கள், அந்தப் பணத்தில் மணலும் சவுக்குமாகக் கிடந்த இடத்தை வாங்கினார்கள். ஜானகிராம் போன்றவர்கள் உலோகத் தகட்டைத் தாங்களே தட்டினார்கள். இன்றைக்கு இந்தக் கடற்கரையில் நவீன ஓவியம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அதற்கு அடித்தளம் போட்டது கைவேலை விற்ற காசு. அந்தச் சோழமண்டலத்தின் வாசலைத் தாண்டித்தான் இப்போதைய க்யூரேட்டர்களின் கார்கள் ரிசார்ட்டுக்குப் போகின்றன, ‘கலை வேறு, கைவினை வேறு’ என்று பின்சீட்டில் பேசிக்கொண்டே.

மாமல்லபுரத்திலேயே 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி நடக்கிறது. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை நிறுத்திய கணபதி ஸ்தபதி நடத்திய இடம். அங்கே படித்து வெளியே வரும் பிள்ளைக்கு அளவும் தெரியும், ஆகமமும் தெரியும், கல்லின் சத்தம் கேட்டே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லவும் தெரியும். சிலைக்குக் கண் திறப்பதென்று அவனுக்கும் ஒரு திறப்பு விழா உண்டு, கத்தரிக்கோல் தேவைப்படாது. இந்த மார்கழிக்கு வரும் அழைப்பிதழ்களில் அவன் எங்கே இருப்பான் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். க்யூரேட்டரின் செல்பேசியில் ‘மகாப்ஸ் ஸ்டோன் ஆள் 2’ என்ற பெயரில் இருப்பான்.

அட்டையில் இன்னொரு வரிக்கு இடமில்லை என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். ஸ்பான்சருக்கு அரைச் சுவர் கொடுத்தீர்கள். பெயரையும் ஊரையும் போடுங்கள், விற்ற விலையில் பங்கை எழுத்தில் எழுதிக் கொடுங்கள், தண்ணீர் விட்டு அறுக்க ஆகும் செலவைக் கொட்டேஷனில் சேருங்கள். மரபைப் பற்றிப் பேசியே தீருவேன் என்று அடம்பிடிக்கும் சிறப்பு விருந்தினரை முதலில் பூஞ்சேரியில் இறக்கிவிட்டு, பாறையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அப்படியே அந்த லாரி வாடகை, செயின் பிளாக் வாடகை, கல்லை இறக்கிய நாலு பேர் கூலி, எல்லாவற்றையும் தீர்த்துவிடுங்கள். ஜிஎஸ்டி எண் இல்லையாம். கேவாத பெருந்தச்சனுக்கும்தான் கிடையாது.